வெள்ளை வேட்டியில் வரும் வெறுப்பு: கொங்கு நாட்டு ஊர்ப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊர்ச் சமுதாயக் கூடத்தின் சாவியை வைத்திருப்பவர், கோயில் திருப்பணிக் குழுவில் இருப்பவர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர், சில நூறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவை நடத்துபவர் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பிறப்பையோ மதத்தையோ மொழியையோ காரணம் காட்டி இன்னொரு மக்களை விரட்ட நினைக்கும் அமைப்பு, ஒரு வட்டாரத்தில் காலூன்ற முதலில் நாடி வருவது இவர்களைத்தான். அது வெறுப்பைப் பேசிக்கொண்டு வருவதில்லை. "ரத்ததான முகாமுங்க, ஒரு நாளைக்குக் கூடம் கிடைச்சாப் போதுமுங்க" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டு வரும். கேட்பவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த வீட்டுப் பையனாகவே இருப்பார் என்பதால் மறுக்க மனம் வராது. அந்த நேரத்தில் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது, எப்படி மறுப்பது என்பவற்றையே இங்கே சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு வரையறை தேவை. கொங்கு நாட்டில் சங்கம் இல்லாத சமூகம் இல்லை. பங்காளிகள் வரி போட்டுக் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்வதும், சமூக அறக்கட்டளைகள் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருவதும், ஜமாஅத் தன் வட்டாரத்து ஏழைக் குடும்பங்களைக் கவனித்துக்கொள்வதும், தேவாலயம் தையல் வகுப்பு நடத்துவதும் இங்கே அன்றாடம் நடப்பவை. தன் மக்களைத் தாங்கிப் பிடிப்பது வெறுப்பாகாது. இன்னொரு மக்கள் முழுவதையும் பிறப்பிலேயே தாழ்ந்தவர்களாகவோ ஆபத்தானவர்களாகவோ காட்டி, அவர்கள் நம் தெருவில் குடியிருப்பதையும் கடை வைப்பதையும் நம்மோடு மணவுறவு கொள்வதையும் தடுக்கத் தன் ஆட்களைத் தயார்செய்யும் அமைப்பையே இங்கே வெறுப்பு அமைப்பு என்கிறேன். இந்த வேறுபாட்டை மறந்து எல்லாச் சங்கங்களையும் சந்தேகிக்கத் தொடங்கினால், ஊரில் எவரும் நம் பேச்சுக்குக் காது கொடுக்க மாட்டார்கள்.

முகம் மாற்றும் வேலை

இந்த வேலை உலகின் பல மூலைகளில் ஏறக்குறைய ஒரே விதமாக நடந்திருப்பதால், அதன் படிகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடிகிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் மீது தலைமுறை தலைமுறையாகக் கொலைவெறி ஆடிய கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தின் ஒரு பிரிவுக்கு 1970-களில் தலைமை ஏற்ற டேவிட் டியூக், வெள்ளை அங்கியையும் முகமூடியையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கோட்டும் டையும் அணிந்து தொலைக்காட்சிகளில் பேசத் தொடங்கினார். பதவியின் பழைய பயங்கரப் பெயரை விட்டுவிட்டு, கம்பெனி அதிகாரியைப் போலத் தன்னைத் தேசிய இயக்குநர் என்று அழைத்துக்கொண்டார். 1980-இல் அங்கிருந்து விலகி, கறுப்பின மக்களின் உரிமைக்காக நெடுங்காலம் போராடிவந்த புகழ்பெற்ற சங்கத்தின் பெயரை எடுத்து, அதில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, வெள்ளையர் முன்னேற்றச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1989-இல் லூயிசியானா மாநிலச் சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1991-இல் ஆளுநர் தேர்தலில் தோற்றார் என்றாலும், இறுதிச் சுற்றில் நூற்றுக்கு 39 பேர் அவருக்கு வாக்களித்திருந்தார்கள். உடை மாறியதே தவிர உள்ளே எதுவும் மாறவில்லை என்பதை மேடைப் பேச்சுகளைக் கேட்டு எவரும் கண்டுபிடிக்கவில்லை. அவர் சேர்ந்திருந்த கட்சியைச் சேர்ந்த பெத் ரிக்கி என்ற பெண்மணி, 1989-இல் அவருடைய சட்டமன்ற அலுவலகத்திலேயே நாஜி ஆதரவு நூல்கள் விற்கப்படுவதை அறிந்து, அவற்றை வாங்கி வந்து ஊர் அறியக் காட்டினார்.

நான் சொல்ல வருவதன் சாரம் அந்தப் பெண்மணி செய்த காரியத்தில் இருக்கிறது. ஒரு வீட்டை அதன் ஆசாரத்தை (முன்கூடத்தை) மட்டும் பார்த்து மதிப்பிடாமல் பின்கட்டு வரை போய்ப் பார்ப்பதுபோல, ஓர் அமைப்பு வெளியாரிடம் பேசுவதையும் தன் ஆட்களிடம் பேசுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2016-இல் தொடங்கப்பட்ட ஐடென்டிட்டி எவ்ரோபா என்ற வெள்ளையின வெறி அமைப்பு, உறுப்பினர்கள் முடிவெட்டிலும் உடையிலும் கண்ணியமாகத் தெரிய வேண்டும் என்பதில் மிகுந்த அக்கறை காட்டியது. 2019 மார்ச்சில் அதன் உள்ளரட்டைகள் வெளியே கசிந்து, யூதர்களையும் கறுப்பின மக்களையும் பற்றி உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அம்பலமானது. சில நாள்களிலேயே பழைய பெயரைக் கலைத்துவிட்டுப் புதிய பெயர் சூட்டிக்கொண்டார்கள்; ஆட்கள் பழைய ஆட்களே.

சேவைதான் நம் ஊர்ப் பொறுப்பாளர்களை அதிகம் தடுமாற வைப்பது. கிரேக்க நாட்டில் பொருளாதாரம் சரிந்து மக்கள் அல்லாடிய காலத்தில், கோல்டன் டான் என்ற நவநாஜிக் கட்சி ஏதென்ஸ் நகரின் மையச் சதுக்கத்தில் உணவுப் பொருள்களை வழங்கியது. அடையாள அட்டையைக் காட்டித் தான் கிரேக்கர் என்று மெய்ப்பித்தவருக்குத்தான் பை கிடைத்தது. கிரேக்கருக்கு மட்டுமே என்று அறிவித்து ரத்ததானம் செய்யவும் அழைப்பு விடுத்தார்கள். 2012 ஜூன் தேர்தலில் நாடாளுமன்றத்தில் 18 இடங்களைப் பிடித்தார்கள். 2013 செப்டம்பரில் பாவ்லோஸ் ஃபிசாஸ் என்ற இளம் இசைக்கலைஞரை அக்கட்சியின் ஆதரவாளர் ஒருவர் குத்திக் கொன்றார். அதன்பின் தொடங்கிய நீண்ட வழக்கின் முடிவில், 2020 அக்டோபரில் ஏதென்ஸ் நீதிமன்றம் அக்கட்சியின் தலைவர்கள் ஒரு குற்றக் கும்பலை நடத்தினார்கள் என்று தீர்ப்பளித்தது.

பாகிஸ்தானில் ஜமாஅத்-உத்-தவா 2005 காஷ்மீர் நிலநடுக்கத்தின்போது கூடாரங்களும் மருத்துவ முகாம்களும் அமைத்து நற்பெயர் தேடிக்கொண்டது. மும்பைத் தாக்குதல் நடந்த அடுத்த மாதம், 2008 டிசம்பரில், ஐக்கிய நாடுகள் அவை அதை லஷ்கர்-ஏ-தொய்பாவின் இன்னொரு பெயர் என்று பட்டியலில் சேர்த்தது. மியான்மரில் முஸ்லிம்கள் மீது வெறுப்பை வளர்த்த மா பா தா என்ற பௌத்தத் துறவிகளின் அமைப்பு, பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்புகளை நடத்தி ஊர் ஊராக வேர் பிடித்தது. 2017-இல் பௌத்த சங்கத்தின் உயர் அவை அந்தப் பெயரில் இயங்கக் கூடாது என்று உத்தரவிட்டதும், அறக்கட்டளை என்ற புதிய பெயரோடு வந்தது. மதம் வேறு, நாடு வேறு, ஆனால் செய்முறை ஒன்றே. ஆகவே "அதெல்லாம் அவங்க ஆளுங்க பண்றது, நம்ம ஆளுங்க அப்படி இல்லீங்க" என்று எவரேனும் சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

வேடிக்கையும் பாட்டும் இன்னொரு வழி. ருவாண்டாவில் 1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி, அரசு வானொலியைப் போல உம்மென்று இல்லாமல், இளைஞர்களுக்குப் பிடித்த பாடல்களும் கேலியும் கிண்டலுமாக மக்கள் மனத்தில் இடம்பிடித்தது. அந்தக் கேலிக்கு இடையே டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று அழைப்பதும் பழக்கமாயிற்று. 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியபோது, அதே அறிவிப்பாளர்கள் யாரை எங்கே தேட வேண்டும் என்று ஒலிபரப்பினார்கள். 2017-இல் வெளியே கசிந்த ஒரு நவநாஜி இணையதளத்தின் எழுத்து விதிகளில், புதிதாகப் படிப்பவருக்கு இது வேடிக்கையா, மெய்யா என்று பிரித்தறிய முடியாதபடி எழுத வேண்டும் என்றே அறிவுறுத்தப்பட்டிருந்தது. நம் குழுக்களில் ஒரு மீம் வந்து, யாராவது ஆட்சேபித்ததும் "சும்மா ஜாலிக்குங்கண்ணா" என்று பதில் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் வட்டாரத்தில் அது எடுக்கும் வடிவங்கள்

கோவை இதன் விலையைக் கொடுத்த ஊர். 1997 நவம்பர் இறுதியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டதும், தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்ததும், 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டதும் அந்தத் தலைமுறைக்கு இன்னும் ஆறாத புண். 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முந்தைய நாள், உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு கார் வெடித்தபோது ஊர் மீண்டும் பதறியது. சில நாள்களுக்குள் அப்பகுதி ஜமாஅத் பொறுப்பாளர்கள் அக்கோயிலுக்கே சென்று பூசாரிகளைச் சந்தித்தார்கள். இந்த வழிகாட்டியில் பேசப்படும் எல்லா அமைப்புகளும் நடக்கவிடாமல் தடுக்க நினைப்பது இத்தகைய சந்திப்பைத்தான்.

சாதியின் பெயரால் வரும் வெறுப்பு இங்கே இன்னும் பழகிய முகத்தோடு வருகிறது. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு வேறு சாதியைச் சேர்ந்த தன் தோழியுடன் வந்த கோகுல்ராஜ் என்ற பட்டியல் சாதிப் பொறியியல் பட்டதாரி கடத்திச் செல்லப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. இந்தக் கொலை வழக்கில் 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் முதன்மையானவர், தீரன் சின்னமலையின் பெயரைத் தாங்கிய ஒரு சாதிப் பேரவையின் நிறுவனர். 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. தலைமறைவாக இருந்த நாள்களிலேயே அவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டுத் தன்னைச் சமூகக் காவலராகக் காட்டிக்கொண்டார். அதைக் கேட்டு மெச்சியவர்கள் நம்மிடையே இருந்தார்கள் என்பதை நாம் மறைத்துப் பயனில்லை.

சின்னமலையின் பெயர் அப்படிப் பயன்பட்டது எனக்கு ஆறாத வருத்தம். வெள்ளையரை எதிர்த்து 1805-இல் சங்ககிரியில் தூக்கிலேறியவர் அவர். திப்பு சுல்தானோடு சேர்ந்து நின்றவர். பல சாதியினரும் அவருடைய படையில் இருந்தார்கள். ஆடிப் பதினெட்டன்று ஓடாநிலையில் மாலை போட வரும் ஓர் அமைப்பு, திப்புவையும் அந்தப் படை வீரர்களையும் வரலாற்றிலிருந்து வெட்டிவிட்டு, வாளையும் மீசையையும் மட்டும் பேனரில் போட்டால், அந்த வெட்டிலேயே அதன் நோக்கம் தெரிகிறது. பொது வரலாற்று நாயகரைத் தனிச் சொத்தாக்குவது மதிப்பைக் கடன் வாங்கும் எளிய வழி.

கலைகளும் இதற்குத் தப்பவில்லை. வள்ளி கும்மி இப்போது ஊருக்கு ஊர் கற்பிக்கப்படுவது மகிழ்ச்சி தருவது. நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் அடி பிசகாமல் ஆடுவதைப் பார்த்தால் எவர் மனமும் நிறையும். ஆனால் அரங்கேற்றத்தின் முடிவில், பத்து வயதுப் பிள்ளைகளை நிறுத்திச் சொந்தச் சாதியில்தான் மணம் முடிப்போம் என்று உறுதிமொழி எடுக்க வைத்தால், அந்த மேடையில் கலை முடிந்து வேறொன்று தொடங்கிவிட்டது என்று பொருள். பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கி அழைத்து வரும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

திருப்பூரிலும் ஈரோட்டிலும் இன்னொரு வடிவத்தைக் காணலாம். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று வேறெங்கோ எடுத்த காட்சிகளை ஒட்டிய போலிக் காணொளிகள் வடமாநிலங்களில் பரவின. திருப்பூரில் தொழிலாளர்கள் அச்சத்தில் ரயில் நிலையத்தில் கூடினார்கள். காவல்துறை இந்தியில் விளக்கம் வெளியிட வேண்டியிருந்தது. அதே காலத்தில் நம் பக்கத்துக் குழுக்களில் "வடக்கன்" என்ற வசைச்சொல்லோடு, தனியொருவர் செய்த குற்றத்தை இலட்சக்கணக்கானோர் மீது ஏற்றும் பதிவுகளும் ஓடிக்கொண்டிருந்தன. தொழிலாளர் நலம், உள்ளூர் வேலைவாய்ப்பு என்ற நியாயமான கோரிக்கைகளுக்குள்தான் இது ஒளிந்து வரும். கூலி குறைவதற்கு யார் காரணம் என்ற கேள்வியை முதலாளியிடமும் ஒப்பந்தக்காரரிடமும் கேட்கும் அமைப்பு தொழிற்சங்கம். வாடகை அறையில் பத்துப் பேராகப் படுத்திருக்கும் தொழிலாளியிடம் மட்டும் கேட்கும் அமைப்பை அந்தப் பெயரில் அழைக்க முடியாது.

விசாரிக்கும் வழி

அழைப்பிதழைக் கையில் வாங்கியதும் மேலே இருக்கும் தெய்வப் படத்தையும் தலைவர் படத்தையும் கடந்து, நடுப்பகுதியைப் படியுங்கள். காலையில் இலவச நோட்டுப் புத்தகம், நண்பகலில் அன்னதானம், மாலையில் "சிறப்புரை" என்று இருக்கும். அந்தச் சிறப்புரையாளரின் பெயரை யூடியூபில் தேடி, பெரிய மேடைப் பேச்சை விட்டுவிட்டு, சின்ன ஊர்களில் கைப்பேசியில் எடுத்துப் போடப்பட்ட பேச்சுகளைக் கேளுங்கள். தன் ஆட்கள் மட்டுமே எதிரில் இருப்பதாக நினைக்கும்போது மனிதர்கள் பேசும் பேச்சு வேறு. நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையையும் திருப்பிப் பாருங்கள்; அங்கே ஒரு கியூஆர் குறியீடு இருந்தால், அது எந்தக் குழுவில் கொண்டு சேர்க்கிறது என்று நீங்களே முதலில் பாருங்கள்.

பெரும்பாலும் முதல் குழு நல்ல குழுவாகவே இருக்கும். வேலைவாய்ப்புச் செய்தி, ரத்தம் தேவை, காலை வணக்கம், நோம்பி (பண்டிகை) வாழ்த்து என்று சில வாரங்கள் ஓடும். பிறகு எங்கோ நடந்த ஒரு குற்றச் செய்தி வரும்; குற்றவாளியின் மதமோ சாதியோ மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கொதித்துப் பதில் போட்ட பையன்களைத் தனியே அழைத்து இன்னொரு சிறிய குழுவில் சேர்ப்பார்கள். தற்காப்புப் பயிற்சி, கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு வர வேண்டிய இரவுக் கூட்டம் ஆகியவை அதன்பிறகு வரும். வீட்டில் பிள்ளை இருப்பவர்கள் இந்த வரிசையை நினைவில் வைத்திருந்தால், இரண்டாவது படியிலேயே பேசித் திருப்ப முடியும்.

பதிவு விவரங்களைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பெற்ற எண் இருக்கும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பத்திரம் இருக்கும். நன்கொடை ரசீதில் அந்த எண் இல்லாமல் இரண்டு கைப்பேசி எண்களும் ஒரு தனிநபரின் ஜிபே எண்ணும் மட்டும் இருந்தால், பணம் எங்கே போகிறது என்பதற்கு எந்தப் பிடிமானமும் இல்லை. பதிவு இருப்பதாலேயே ஓர் அமைப்பு நல்லதாகிவிடாது என்பதும் உண்மைதான். ஆனால் பழைய அமைப்பின் தலைவரும் முகவரியும் அப்படியே இருக்க, பெயர் மட்டும் அடிக்கடி மாறியிருந்தால் அதற்கான காரணத்தை நேரடியாகக் கேட்க வேண்டும்.

சொற்களைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் தலைவராக இருந்த நிக் கிரிஃபின், 2000-இல் அமெரிக்காவில் டேவிட் டியூக்கோடு ஒரே மேடையில் இருந்தபோது, இனவெறியை வெளிப்படையாகச் சொல்லாமல் சுதந்திரம், பாதுகாப்பு, அடையாளம், ஜனநாயகம் போன்ற சொற்களால் விற்க வேண்டும் என்ற பொருளில் பேசியது பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்தில் அந்த இடத்தைப் பெண் பாதுகாப்பு, பண்பாட்டு மீட்பு, நாடகக் காதல் எதிர்ப்பு போன்ற தொடர்கள் பிடித்திருக்கின்றன. பெண் பாதுகாப்பு என்று பேசும் அமைப்பு, வரதட்சிணைக் கொடுமையைப் பற்றியும் சொந்த உறவினரிடமே பாதிக்கப்படும் சிறுமியரைப் பற்றியும் எப்போதாவது கூட்டம் போட்டிருக்கிறதா என்று கேட்டால், உண்மை நிலவரம் உடனே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்கு நம்பகமாகத் தோன்றும் சோதனை இதுதான். முகாமுக்கு இடம் கேட்டு வருபவரிடம், "நல்ல காரியமுங்க, அரசு மருத்துவமனை ரத்த வங்கியையே கூப்பிட்டுப் பண்ணிரலாம், இந்தத் தடவை அருந்ததியர் தெருவுல இருக்கற பள்ளிக்கூடத்துல வச்சுக்கலாமுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சேவைதான் நோக்கம் என்றால் அவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார். இடம் நெருக்கடி, வண்டி வராது என்று ஏதேனும் நடைமுறைச் சிக்கல் இருந்தால் அதையும் பேசித் தீர்த்துக்கொள்வார். முகம் கறுத்து, பேச்சை மாற்றி, மேலிடத்தில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பி வராவிட்டால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

மறுப்பதும் அதன் பிறகு செய்வதும்

மறுப்புக்கு முன்பே எழுதப்பட்ட விதி இருக்க வேண்டும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1994-இல் கிளான் அமைப்பு நெடுஞ்சாலையின் ஒரு பகுதியைத் தத்தெடுத்துச் சுத்தம் செய்ய விண்ணப்பித்தது. சாலையோரப் பலகையில் தன் பெயர் வர வேண்டும் என்பதே அதன் ஆசை. மாநில அரசு மறுத்தது. கருத்துக்காக மட்டும் மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு அந்தச் சாலைப் பகுதிக்கு, கறுப்பின மக்களின் உரிமைக்காக நின்ற ரோசா பார்க்ஸின் பெயரைச் சூட்டியது. கடைசியில் அந்த அமைப்பு குப்பையைப் பொறுக்கவே வரவில்லை என்பதால் எல்லோருக்கும் பொதுவான விதியின்படியே நீக்கப்பட்டது. நமக்கும் அதுவே வழி. கூடத்தைப் பயன்படுத்துவோர் எவராயினும் நிகழ்ச்சி நிரலையும் பேச்சாளர் பெயர்களையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், நிகழ்ச்சி எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்திருக்க வேண்டும், பிறரை இழிவுபடுத்தும் பேச்சு எழுந்தால் மின் இணைப்பைத் துண்டித்து முன்பணத்தைப் பிடித்துக்கொள்வோம் என்று ஒரு தாளில் அச்சிட்டு, திருமணத்துக்கு வருபவர் முதல் அரசியல் கட்சி வரை எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதன்பின் மறுக்கும்போது "குழு விதிங்க, எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க" என்ற ஒரு வாக்கியம் போதும், தனிப்பகை வராது.

வெறுப்புப் பேச்சு நடந்துவிட்டால், அதை ஆத்திரத்தில் பத்துக் குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். அவர்களுக்கு அது இலவச விளம்பரம். மூலக் கோப்பை அப்படியே சேமித்து, எந்தக் குழுவில், எந்த எண்ணிலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்று குறித்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவு சமூகங்களுக்கிடையே பகையை வளர்ப்பதையும், 353-ஆவது பிரிவு அதற்காகப் பொய்ச் செய்தி பரப்புவதையும் தண்டிக்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு எதிரானது என்றால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. புகார் வராவிட்டாலும் வெறுப்புப் பேச்சுக்குக் காவல்துறை தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. புகார் மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

பையன்களோடு பேசுவதுதான் கடினமான பகுதி. பலர் கொள்கைக்காகப் போவதில்லை. விவசாயம் பார்க்கும் முப்பது வயதுப் பையனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. விசேஷ வீடுகளில் அவன் ஒதுங்கி நிற்பதை எல்லோரும் பார்க்கிறோம். அவனிடம் வந்து, "நம்ம பொண்ணுங்கள அவனுங்க கூட்டிட்டுப் போறாங்க, அதனாலதான் உனக்குக் கிடைக்கலை" என்று சொல்லும் அமைப்பு, அவனுடைய உண்மையான வலிக்குப் பொய்யான காரணத்தைக் கொடுக்கிறது. பெற்றோர் வேண்டாமென்று விடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் 1992-இல் ஏன் தொடங்கப்பட்டது என்பதை நாம்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும். பிறந்த பெண் சிசுக்களைக் கொன்றதும், பிறகு ஸ்கேன் பார்த்துக் கருவிலேயே கலைத்ததும் நம் வட்டாரத்தில் நடந்தவை. அந்தப் பெண்கள் பிறந்து வளர்ந்திருந்தால் இன்று அவனுக்கு மணவயதில் இருந்திருப்பார்கள். படித்த பெண்கள் தோட்டத்துச் சாளை வாழ்க்கையை விரும்பாததற்கும் காரணங்கள் இருக்கின்றன; அவற்றையும் அவனோடு வெளிப்படையாகப் பேசலாம். அவனைத் திட்டி அனுப்பினால் அவனை மதித்து நாற்காலி போடும் இடத்துக்கே திரும்பிப் போவான். ஆகவே ஊர் நோம்பியிலும் கோயில் வேலையிலும் அவனுக்குப் பொறுப்பான பங்கைக் கொடுங்கள். கணக்கு எழுதச் சொல்லுங்கள், ஒலிபெருக்கி, பந்தல் பொறுப்பை ஒப்படையுங்கள். காலனிப் பையன்களோடு ஒரே அணியில் கபடி ஆடட்டும். கம்பெனி வைத்திருப்பவர்கள் வேலை கொடுக்கும்போது இத்தகையவர்களை மனத்தில் வையுங்கள்.

கடைசியாக, சாதி கடந்தோ மதம் கடந்தோ விரும்பிய இருவர் உங்களிடம் அடைக்கலம் கேட்டு வந்தால், பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்று நேரம் கடத்த வேண்டாம். அந்த அவகாசத்தில்தான் அமைப்புக்காரர்களுக்குச் செய்தி போகிறது. இருவரும் வயது வந்தவர்கள் என்றால், வயதுச் சான்றின் நகலோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு நேராக அழைத்துச் செல்லுங்கள்; நகரப் பகுதி என்றால் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். இத்தகைய இணையருக்குப் பாதுகாப்பு அளிக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்றும், தேவைப்பட்டால் பாதுகாப்பு இல்லம் தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று அளித்த தீர்ப்பில் உத்தரவிட்டிருக்கிறது. இரவு நேரமாக இருந்தால் 112-ஐயும் பெண்களுக்கான 181-ஐயும் அழையுங்கள். எந்த நேரத்தில் அழைத்தீர்கள், மறுமுனையில் பேசியவர் யார் என்பவற்றை எழுதி வைத்துக்கொண்டு, காவலர் வரும்வரை அவர்கள் இருவரையும் உங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.